கனமான ஆக்சிஜன்

ஏப்ரல் 7, திங்கள்

பரஞ்சோதியின் பொட்டலம் வந்துவிட்டது. தெர்மாக்கோல் பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள். இரண்டிலும் கறுப்புப் பொடி. ஒன்றில் இருப்பது சாதாரண ஆக்சிஜன், மற்றதில் கனமான ஆக்சிஜன். மேலே ஒட்டியிருக்கும் எண்கள் அவன் கைப்பட எழுதியவை. எட்டை இன்னும் இரண்டு தனித்தனி வட்டமாகத்தான் போடுகிறான்.

கோதண்டபாணி சார் போன மாதமே தொலைபேசியில் விவரம் சொல்லியிருந்தார். சென்னையில் புதிதாக வரும் மீக்கடத்தி ஆய்வு மையத்துக்குப் பரஞ்சோதியை இயக்குநராக்கலாமா என்று ஒரு தேர்வுக்குழு பார்க்கிறது. சார்தான் அதன் தலைவர். பரஞ்சோதி வெளியிட்ட பெரிய முடிவை வெளி ஆய்வகம் ஒன்று அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும். குழு மே முப்பதாம் தேதி கூடுகிறது. திருச்சியில் என் ஆய்வகத்தில் நல்ல காந்தமானி இருப்பதால் என்னைக் கேட்டார்.

"உங்களுக்கும் அவருக்கும் முன்னாடி ஏதாவது மனஸ்தாபம் உண்டா? எல்லாரையும் கேக்கறதுதான்" என்றார்.

இல்லை என்றேன். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன்.

குப்பிகளை ஈரம் புகாத ஜாடியில் வைத்து மூடினேன். மாலையில் காந்தி மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். விசேஷம் ஒன்றுமில்லை, சேமியா பழசாகிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 9, புதன்

அம்பாசமுத்திரத்திலிருந்து தங்கை கோமதி பேசினாள். பரஞ்சோதி பெயரைச் சொன்னதும், "அவன்கூட ஒனக்கு அப்படி என்னதான்க்கா சண்டை? ஒரு நாளாவது எனக்கு வெளங்குற மாதிரி சொல்லேன்" என்றாள்.

சொன்னேன். படிகத்துக்குள் அணுக்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. ஆனால் அவை சும்மா இருப்பதில்லை, எந்நேரமும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த அடுக்குக்கு ஊடாகத்தான் எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. கடுங்குளிரில் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் ஓடவிடும் பொருள்தான் மீக்கடத்தி. பழைய வகை மீக்கடத்திகளில் எலக்ட்ரான்களை ஜோடி சேர்த்துவைப்பதே அந்த அதிர்வுதான். ஜோடி சேர்ந்துவிட்டால் மின்தடை இல்லாமல் ஓடும். செம்பும் ஆக்சிஜனும் கலந்த புதிய வகைகளுக்கு அவ்வளவு குளிர் வேண்டாம், திரவ நைட்ரஜனில் முக்கினாலே போதும். இவற்றிலும் அதிர்வுக்குப் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு என்பது என் கட்சி. துளியும் இல்லை என்பது பரஞ்சோதி கட்சி.

"அதை எப்படிக் கண்டுபிடிப்ப?"

"இருக்கிற ஆக்சிஜனை எடுத்துட்டு அதே இடத்துல கனமான ஆக்சிஜனை உட்கார வைக்கணும். வேற எதுவும் மாறாது. எடை கூடும், அதிர்வு மந்தமாகும். அப்ப எலக்ட்ரான் நடந்துக்கற விதமும் மாறுச்சுன்னா, அதிர்வு அதைத் தொடுதுன்னு அர்த்தம்."

"இதுக்கா பன்னெண்டு வருசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

இதற்கில்லை. சென்னையில் நாங்கள் இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில், அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தோம். என் படிகங்களில் கனமான ஆக்சிஜனை ஏற்றியபோது, மின்தடை மறையும் வெப்பநிலை கீழே இறங்கியது. இறங்கியது எடையாலா, அல்லது சூடேற்றும்போது ஆக்சிஜனின் அளவே கூடிக் குறைந்துவிட்டதாலா என்று உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஆக்சிஜனைத் திருப்பி மாற்றிப் பார்க்க வேண்டும். கனமானதை எடுத்துச் சாதாரணத்தை ஏற்றினால் வெப்பநிலை பழைய இடத்துக்கு வர வேண்டும். அதற்குள் பரஞ்சோதி தன் ஒளி அளவீட்டுக்கு வேண்டுமென்று படிகங்களைக் கேட்டான், கொடுத்தேன். இன்று தருகிறேன் நாளை தருகிறேன் என்றான். கருத்தரங்கு வந்துவிட்டது. நான் பேசி முடித்ததும் முதலில் கை தூக்கியவன் அவன்தான்.

"திருப்பி மாத்திப் பாத்தீங்களா?"

என் படிகங்கள் அவன் அலமாரியில் இருந்தன. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்லை" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த ஆண்டு என் ஆய்வு நிதி நின்றது, வேலையும் நின்றது. திருச்சிக்கு வந்தேன்.

"சவத்துப் பய" என்றாள் கோமதி.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி. வேப்பம்பூ கிடைக்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பொட்டலம் குழு வழியாக வந்தது, பொடி எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்று பரஞ்சோதிக்குச் சொல்லப்படவில்லை. சார் வழியாக விசாரித்திருக்கிறான், அளவீடு எந்த மட்டில் இருக்கிறதென்று. "வரிசையில் உள்ளது" என்று பதில் அனுப்பினேன். குளிர வைக்கத் திரவ ஹீலியம் வரவில்லை, காந்தமானியை ஓட்ட முடியாது என்றும் எழுதினேன்.

ஜமீலா எட்டிப் பார்த்தாள். பக்கத்து அறையில் வேதியியல், எனக்கு வேண்டிய பொடிகளையும் படிகங்களையும் உலையில் வைத்து ஆக்குகிறவள். பத்து ஆண்டுப் பழக்கம்.

"ஹீலியம் போன வாரமே வந்துருச்சே செண்பகம்."

"அது வேற வேலைக்கு."

"என்ன வேலை?"

காந்தமானியில் ஒரு திருகு சரியில்லை என்றேன். ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். அவள் போனதும் ஜாடியின் மூடியைத் துணியால் துடைத்தேன். தினமும் துடைக்கிறேன், ஆய்வகத்தில் தூசி அதிகம். என் படிகங்களை அவன் அலமாரியில் வைத்திருந்தபோது அவற்றை அவன் எப்போதாவது எடுத்துப் பார்த்திருப்பானா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

மறுபடி விசாரித்திருக்கிறான். இந்த முறை "அன்புகூர்ந்து" என்ற சொல் இருந்தது. சார் அனுப்பிவைத்த அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

தண்ணீர் லாரி வரவில்லை.

மே 2, வெள்ளி

கோதண்டபாணி சாரே கூப்பிட்டுவிட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. திங்களன்று தொடங்குவதாகச் சொன்னேன். திருகைச் சரிசெய்தாகிவிட்டது என்றும் சொன்னேன்.

மே 8, வியாழன்

இரண்டு பொடியையும் அளந்தேன். எந்த வெப்பநிலையில் சாதாரணப் பொடி மீக்கடத்தியாகிறதோ, கனமான பொடியும் அதே வெப்பநிலையில் ஆகிறது. அவன் எழுதியது சரி.

குப்பியைக் கழற்றி, மறுபடி பொருத்தி, மறுபடி அளந்தேன். அதே எண். பிற்பகலில் காந்தமானியையே புதிதாகச் சீர்செய்து அளந்தேன். அதே எண்.

ஜமீலா கதவில் சாய்ந்து நின்றாள். "எத்தனை தடவை அளப்பீங்க?"

"தப்பு இருக்கலாம்ல."

"இருக்கணும்னு நினைக்கறீங்க."

கேண்டீனுக்குப் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஊறுகாயில் உப்பு அதிகம். இன்று எல்லாமே அதிகம்.

மே 12, திங்கள்

கிடைத்துவிட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் உட்கார்ந்து வரைபடங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீக்கடத்தியாகும் அந்த ஒரு புள்ளியை மட்டும் பார்த்துப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். அதற்குக் கீழே, இன்னும் குளிர வைத்த பகுதியில், இரண்டு கோடுகளும் பிரிந்து போகின்றன.

மீக்கடத்தி தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை வெளியே தள்ளும். முழுவதும் தள்ளாது, புலம் ஒவ்வொரு துகளின் தோலுக்குள்ளும் கொஞ்சம் நுழையும். பொடி நன்றாக அரைபட்டிருந்தால் அந்த நுழைவின் ஆழத்தைக்கூடக் கணக்கிட்டுவிடலாம். கனமான பொடிக்குள் புலம் கூடுதல் ஆழம் போகிறது. அதாவது அங்கே ஜோடி சேர்ந்த எலக்ட்ரான்கள் பாரமாகிவிட்டவை போல ஓடுகின்றன. அணுவின் எடையைக் கூட்டினால் எலக்ட்ரானுக்கு ஏன் பாரமாக வேண்டும்? அணுக்களின் அதிர்வு அதைப் பிடித்து இழுக்கிறது. வேறு வழியே இல்லை.

மீக்கடத்தியாகும் வெப்பநிலை நகரவில்லை என்பது உண்மை. ஆக்சிஜன் முழுதாக நிரம்பிய பொடியில் அது நகராது. என் பழைய படிகங்களில் ஆக்சிஜன் சற்றுக் குறைவு, அதனால் அங்கே நகர்ந்தது. பரஞ்சோதி நகராத பொடியைத் தேடிப் பிடித்து, நகராத எண்ணை மட்டும் காட்டி, "அதிர்வுக்குப் பங்கே இல்லை" என்று எழுதியிருக்கிறான். அவனுடைய கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். அதே அளவீடு, அதே வகைக் காந்தமானி. ஆனால் அவன் படத்தில் கோடுகள் பிரியத் தொடங்கும் இடத்துக்கு முன்பே படம் முடிந்துவிடுகிறது. வெட்டியிருக்கிறான்.

ஜமீலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"துகள் அளவு வேற வேறயா இருந்தாலும் இப்படிப் பிரியும். திருப்பி மாத்திப் பாக்கணும்."

அந்தச் சொற்களையே சொல்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

மே 13, செவ்வாய்

திருப்பி மாற்ற எவ்வளவு காலம் ஆகும் என்று ஜமீலாவும் நானும் போட்டுப் பார்த்தோம். இரண்டு பொடியையும் உலையில் ஏற்றி, ஆக்சிஜனை மாற்றி, மெதுவாகக் குளிரவிட்டு, அதை மறுபடி செய்து, பிறகு அளக்க வேண்டும். நிதானமாகச் செய்தால் ஜூன் முதல் வாரம் தாண்டிவிடும்.

"ஏப்ரல்லயே ஆரம்பிச்சிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றாள்.

மாற்றிப் பார்க்காமல் அனுப்பினால் குழுவில் அவன் கை தூக்குவான். என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும்.

மே 14, புதன்

பரஞ்சோதி பேசினான். அளப்பது நான்தான் என்று எப்படியோ தெரிந்துகொண்டிருக்கிறான்.

"செண்பகவல்லி மேடம், நல்லா இருக்கீங்களா?"

"சொல்லுங்க."

"நீங்கதான்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு நிம்மதி. நம்ம ஆளு, சரியா அளப்பாங்கன்னு." கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினான். பிறகு குரல் இறங்கியது. "கீழ்ப்பகுதியும் அளந்திருப்ப, இல்ல?"

"அளந்தேன்."

"குழு கேட்டது அந்த ஒரு எண்ணைத்தான் செண்பகம். அது சரியா தப்பான்னு எழுது. சரின்னு உனக்கே தெரியும். அதுல பொய் ஒண்ணும் இல்ல."

"நீ படத்தை வெட்டியிருக்க."

"உன்கிட்ட இல்லாதது ஒண்ணு என்கிட்ட இருக்கு" என்றான். "உன் படிகங்களை அப்பவே நான் திருப்பி மாத்திப் பாத்தேன்."

நான் உட்கார்ந்துகொண்டேன்.

"எப்ப?"

"கருத்தரங்குக்கு முன்னாடி."

"என்ன ஆச்சு?"

"எடையை மாத்தினா இறங்குது, திருப்பினா பழைய இடத்துக்கு ஏறுது. நீ சொன்னது சரி. தரவு முழுக்க இருக்கு, தேதியோட. ரெண்டு பேரும் சேர்ந்து எழுதலாம். உன் பேரு முதல்ல. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சது நீன்னு எல்லாருக்கும் தெரியும். இப்ப அந்த ஒரு எண்ணை மட்டும் அனுப்பு. மே முப்பது போகட்டும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். குக்கரில் அரிசி வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்துபோனேன், அடி பிடித்துவிட்டது.

மே 15, வியாழன்

அவன் சொன்னதைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை.

கட்டுரைக்குத் தலைப்பு வைப்பதென்றால் 'உயர்வெப்ப மீக்கடத்திகளில் ஆக்சிஜன் எடை மாற்றமும் மீள்மாற்றமும்' என்று வைக்கலாம். ஆசிரியர் பெயர்கள் இரண்டு வரியில் வரும். படம் ஒன்று, பழைய படிகங்கள். படம் இரண்டு, அவற்றையே திருப்பி மாற்றியது. முன்னுரை ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது.

கருத்தரங்குக்கு முன்னால். அதாவது எழுந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்டபோதே அதற்கு விடை அவனுக்குத் தெரியும். நான் சொல்வது சரியென்று அந்த அரங்கத்தில் என்னைவிட உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் அவன். தெரிந்துகொண்டேதான் கேட்டான்.

முன்னுரை வேண்டாம். தலைப்பும் வேண்டாம்.

மே 16, வெள்ளி

காலையில் கோதண்டபாணி சாரைக் கூப்பிட்டேன். கோடுகள் பிரிவதைச் சொன்னேன். திருப்பி மாற்றிப் பார்க்க இரண்டு வாரம் கூடுதலாக வேண்டும் என்றேன்.

"தேதி என் கையில இல்லம்மா. பொடி ஏப்ரல் முதல் வாரமே உங்ககிட்ட வந்தாச்சே, ஏன் இவ்வளவு தாமதம்?"

திருகு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் மேற்கொண்டு அவர் எதுவும் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அரைகுறை அறிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பரஞ்சோதி அதை ஒரே கேள்வியில் கிழித்துப் போடுவான். உண்மையைச் சொன்னால்தான் சார் வேறு வழி பார்ப்பார். அவனை விடக்கூடாது. என்ன ஆனாலும் இந்த முறை விடக்கூடாது.

"வேணும்னேதான் வச்சிருந்தேன் சார். அவர் காத்துக் கிடக்கட்டும்னு."

கருத்தரங்கிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொலைபேசியில் அவன் பேரம் பேசியதையும் சொன்னேன்.

"மனஸ்தாபம் இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க."

"ஆமா சார்."

"இதுக்கப்புறம் உங்க கையால வர்ற எந்த எண்ணையும் நான் குழுமுன்னாடி வைக்க முடியாது. அவர் ஒரே வார்த்தையில தள்ளிடுவார். உங்க பல்கலைக்கழகத்துக்கும் நான் எழுதியாகணும், புரியுதா?"

"புரியுது."

"அங்க வேற யாரு இருக்கா?"

ஜமீலாவின் பெயரைச் சொன்னேன். அவள் செய்யட்டும், அறிக்கையில் அவள் பெயர் மட்டும் இருக்கட்டும், நீங்கள் அந்த அறைக்குள்ளேயே போகக்கூடாது என்றார். முப்பதாம் தேதிக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. வைப்பதற்கு முன் ஒன்று சொன்னார். "முதல்லயே என்கிட்ட சொல்லியிருந்தா நான் உங்களை ஒரு சாட்சியா கூப்பிட்டிருப்பேன்."

ஜமீலாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். முகம் கறுத்துவிட்டது.

"இத்தனை நாள் என்கிட்ட திருகு, ஹீலியம்னு சொன்னீங்க."

"தப்புதான்."

"நான் பொடி அரைக்கறது உங்க பழிக்கு இல்ல செண்பகம். எப்படி வருதோ அப்படித்தான் எழுதுவேன். அவருக்குச் சாதகமா வந்தா அதையும்."

"அப்படியே எழுதுங்க."

கனமான ஆக்சிஜன் வாயு என்னிடம் ஒரு உருளைதான் இருக்கிறது. மூன்று ஆண்டு அலைந்து, அடுத்த ஆராய்ச்சிக்கென்று வாங்கி வைத்தது. அதன் சாவியை அவளிடம் கொடுத்தேன். காந்தமானி அறையின் சாவியையும் கொடுத்தேன்.

மே 19, திங்கள்

நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி ஓடவில்லை.

மே 21, புதன்

பரஞ்சோதி நான்கு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. ஐந்தாம் முறை எடுத்து, "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஜமீலா இரவும் பகலும் ஆள் மாற்றி வேலை நடக்கும்படி நல்ல முறையில் ஏற்பாடு செய்திருக்கிறாள். இரண்டு பொடியும் ஒரே உலையில், தனித்தனிக் குழாய்களில் இருக்கின்றன. கனமானதற்குச் சாதாரண வாயு, சாதாரணத்துக்குக் கனமான வாயு. குப்பிகளின் பெயரை மறைத்து நிறம் மட்டும் ஒட்டி வைத்திருக்கிறாளாம், அளக்கும்போது எது எதுவென்று அவளுக்கே தெரியாதபடி. இவ்வளவும் அவள் மாணவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து காதில் விழுந்தது. அவள் என்னிடம் எதுவும் சொல்வதில்லை. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் "சாப்பிட்டீங்களா" என்கிறாள்.

மே 24, சனி

மதியம் மின்சாரம் போய்விட்டது. அப்போது நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். உலை குளிர்ந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு நாளில்லை. ஜெனரேட்டர் ஓடும் சத்தம் வரும்வரை அசையவில்லை. வந்ததும் கால் வலிப்பது தெரிந்தது.

அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டது உண்மை வெளிவர வேண்டும் என்றல்ல. அவன் விழ வேண்டும் என்றுதான். எழுதி வைக்கிறேன், பிறகு வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்ளக் கூடாது.

மே 27, செவ்வாய்

அலமாரியைத் துடைத்தேன். புடவைகளை மடித்து வைத்தேன். ஒரு வேலையும் ஓடவில்லை. முடிவு அவனுக்குச் சாதகமாக வந்தால் என்ன செய்வது என்று கோமதி கேட்டாள். வராது என்றேன். வந்தால் என்று மறுபடி கேட்டாள். புளி விலை எவ்வளவு என்று கேட்டேன்.

மே 30, வெள்ளி

காலையில் கூட்டம். ஜமீலா தன் அறையிலிருந்தே கணினி வழியாகப் பேசினாள். கதவு மூடியிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், வழியில் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கதவு திறந்தது. வந்து என் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாறிப் போச்சு" என்றாள். "கனமா இருந்த பொடி சாதாரணமாயிட்டு, சாதாரணம் மாதிரியே புலத்தைத் தள்ளுது. சாதாரணமா இருந்தது கனமாகி, மத்ததோட பழைய கோட்டு மேல போய் உக்காந்துருச்சு. துகள் அளவு இல்ல. எடைதான்."

"அவன் என்ன கேட்டான்?"

"அவரும் இருந்தார். திருப்பி மாத்திப் பாத்தீங்களான்னு கேக்கல, அது முதல் படத்துலயே இருந்துச்சு. வெப்பநிலை சரிதானேன்னு கேட்டார். சரிதான்னேன். 'உங்க எண் சரி, உங்க முடிவு தப்பு'ன்னேன். கோதண்டபாணி சார், கீழ்ப்பகுதித் தரவை உங்க ஆய்வகத்துலேர்ந்து குடுங்கன்னார். பரஞ்சோதி தண்ணி குடிச்சார். அப்புறம் பழைய கணினில இருந்துச்சு, போயிடுச்சுன்னார்."

"பதவி?"

"இல்லைன்னுட்டாங்க."

நான் எதிர்பார்த்தது பெரிதாக ஏதோ. நெஞ்சில் ஏதோ உடையும், அல்லது நிறையும் என்று நினைத்திருந்தேன். பசித்தது. இருவரும் போய்ப் பிரியாணி சாப்பிட்டோம். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வீடு திரும்பும்போது பேருந்தில் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அவன் தண்ணீர் குடித்தான் என்பதை நினைக்க நினைக்க வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா வேறு இருக்கைக்கு மாறிப் போனார்.

ஜூன் 6, வெள்ளி

பல்கலைக்கழகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கிறது. ஆய்வகப் பொறுப்பிலிருந்து ஓராண்டு விலக்கி, ஜமீலாவை நியமித்திருக்கிறார்கள். காந்தமானியைத் தொட இனி அவளிடம் அனுமதி கேட்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

விளக்கம் கொடுத்துவிட்டேன். மனஸ்தாபம் இருந்தும் அதை ஏன் மறைத்தீர்கள் என்பது கேள்வி. "சொல்லியிருந்தால் பொடி என் கைக்கு வந்திருக்காது" என்று எழுதினேன். வருந்துகிறீர்களா என்று வாய்மொழியாகக் கேட்டார் பதிவாளர். எனக்கு உதவவேண்டும் என்ற எண்ணம்தான் அவருக்கு, ஆமென்று சொன்னால் தண்டனை குறையும். இல்லை என்றேன்.

ஜமீலா கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டாள். அவளும் அவள் மாணவர்களும் மட்டும். என் பெயரைப் போட முடியாது, குழுவின் நிபந்தனை. வரைவைப் படிக்கத் தந்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: முன்பு வெளியான அளவீட்டில் இந்த வெப்பநிலைப் பகுதி படத்திலிருந்து விடப்பட்டுள்ளது. அதற்குக் கீழே மேற்கோளாகப் பரஞ்சோதியின் கட்டுரை. மிகவும் மரியாதையான வாக்கியம். அவன் தொழிலை முடித்துவிடக்கூடிய வாக்கியமும்கூட.

ஜூன் 20, வெள்ளி

பரஞ்சோதி நேரில் வந்தான்.

ஜமீலா வரைவை அவனுக்கும் அனுப்பியிருந்தாள், அதுதான் முறை என்றாள். காலை ரயிலில் வந்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது, சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. ஜமீலாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தான். நான் ஜன்னல் பக்கம் நின்றேன்.

"அந்த ஒரு வரி" என்றான் என்னைப் பார்த்து. "அது வெளிவந்தா விசாரணை வரும். என்கிட்ட நாலு பேர் முனைவர் பட்டத்துக்குப் பண்றாங்க செண்பகம். அவங்களும் சேர்ந்து போயிடுவாங்க. எடுத்துடச் சொல்லு."

"கட்டுரை என்னோடது இல்ல."

"நீ சொன்னா கேப்பாங்க."

"என் பேரே அதுல இல்ல. நான் எப்படிச் சொல்றது?"

இதைச் சொன்னபோது என்னுள் எழுந்த மகிழ்ச்சி நல்ல மகிழ்ச்சி இல்லை. அவனை மன்னிக்கும் அதிகாரம்கூட என் கையில் இல்லை. அந்த மன்னிப்பைத் தேடித் திருச்சிவரை வந்து வெறுங்கையோடு அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை.

ஜமீலா பேனாவை மூடினாள்.

"சார், செண்பகத்தோட படிகங்களை நீங்க திருப்பி மாத்திப் பாத்ததா சொன்னீங்களாமே."

அவன் என்னைப் பார்த்தான்.

"தரவு இருக்கா?"

"இல்ல. உண்மையிலேயே போயிடுச்சு."

மே மாதம் பேசியபோது, தரவு தேதியோடு முழுக்க இருக்கிறது என்றவன். அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்று நான் கேட்கவில்லை.

"சரி. தரவு இல்லைன்னா என்ன பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றாள் ஜமீலா. "நேர்ல கிடைச்ச தகவல்னு கட்டுரைல மேற்கோள் குடுப்பேன், உங்க பேரைப் போட்டு. படத்துல அந்தப் பகுதி விட்டுப் போனதை ஆசிரியரே தெரிவிச்சார்னு வரியை மாத்திக்கறேன். திருத்தம் நீங்களே அனுப்பினதா ஆகும், உங்க பசங்க தப்பிச்சுருவாங்க. இல்லைன்னா அந்த வரி இப்ப இருக்கற மாதிரியே போகும்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் கையை நீட்டினான். ஜமீலா வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தாள்.

படிகங்களில் கனமான ஆக்சிஜனை ஏற்றியபோது நிலைமாறும் வெப்பநிலை இறங்கியது, சாதாரண ஆக்சிஜனைத் திருப்பி ஏற்றியபோது முன்பிருந்த இடத்துக்கே வந்தது என்று எழுதினான். ஆண்டும் எழுதினான், கருத்தரங்கு நடந்த ஆண்டு. ஆய்வுக்கூடத்தின் பெயரும் எழுதினான்.

ஜமீலா எட்டிப் பார்த்தாள். "படிகம் யார் வளர்த்ததுன்னு இல்லையே."

பேனா தாளின் மேல் நின்றது. கொஞ்சம் எழுதினான், மறுபடி நிறுத்தினான். தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"உன் இனிஷியல் என்ன?"

பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் நான் நினைத்துக்கொண்டிருந்தவன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மு" என்றேன்.

எழுதினான்.